பாரம் தெரியாத ஆயுதம்

மட்டாஞ்சேரியில் மிளகின் தரத்தைக் கனத்தை வைத்துச் சொல்வார்கள். லிட்டர் அளவையில் மிளகை நிரப்பி, தலையைத் தட்டி, தராசில் ஏற்றுவார்கள். 500 கிராமுக்கு மேல் நின்றால் சரக்கு. 550ஐத் தொட்டால் நல்ல சரக்கு. 500க்குக் கீழே இறங்கினால் பொள்ளு கலந்திருக்கிறது என்று அர்த்தம். பொள்ளு மணிக்குத் தோல் இருக்கும், சுருக்கம் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இந்தத் தெருவின் கணக்கில் லேசாக இருப்பது ஒரு குறை.

2014 ஜனவரியில் கான்பூர் பீல்டு கன் ஃபாக்டரி ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரை வெளியிட்டது. அதன் எடையும் 500 கிராம்தான். ஒரு லிட்டர் மிளகும் ஆறு தோட்டா போடும் ஒரு துப்பாக்கியும் தராசில் சரிக்குச் சரி நிற்கும். ஆனால் துப்பாக்கியின் சந்தையில் கணக்கு தலைகீழ். அங்கே லேசு என்பதுதான் தரம். டைட்டானியம் கலந்த உலோகத்தில் செய்து எடையைக் குறைத்திருக்கிறோம் என்பதையே பெருமையாகச் சொன்னார்கள். அப்போதைய விலை சுமார் 1,22,000 ரூபாய். கிராம் குறையக் குறைய விலை ஏறும் பண்டங்கள் உலகத்தில் சிலவே. சட்டைப்பைக்கான ரிவால்வர் அவற்றில் ஒன்று.

இந்தக் கணக்கை யோசிக்கவைத்தவர் பஜார் ரோட்டில் மசாலா வியாபாரம் செய்கிற ஒரு திருநெல்வேலிக்காரர். வசூல் பணத்தோடு இரவில் வீடு திரும்புகிறவர். உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்ற யோசனையில் இருந்தார். “அண்ணாச்சி, கைக்கு அடக்கமா, பாரம் தெரியாம ஒண்ணு இருந்தாப் போதும். பையில கெடக்கிறதே தெரியக் கூடாது” என்றார். எந்த நிறுவனம், எந்த மாடல் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். தெரியக் கூடாது என்பதுதான் முதல் நிபந்தனை. யாருக்குத் தெரியக் கூடாது என்று கேட்டிருந்தால் திருடனுக்கு என்று சொல்லியிருப்பார். உண்மையில் தனக்கே தெரியக் கூடாது என்றுதான் அவர் கேட்டார்.

பையில் துப்பாக்கி என்ற எண்ணமே கால்சட்டை போட்டவர்களுடையது. மட்டாஞ்சேரியில் வேட்டி கட்டியவரின் மடியில் பீடிக்கட்டு நிற்கும், சில்லறை நிற்கும், அரைக்கிலோ உலோகம் நிற்காது. சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் சேதி சொல்லும். கூடவே இந்த ஊரின் காற்று. காயலும் கடலும் சூழ்ந்த இடத்தில் உப்பு ஈரம் எஃகைச் சும்மா விடாது. வியர்வை மிச்சத்தை முடிக்கும். ஆகவே எண்ணெய் போட்டுத் துடைத்து, பைக்குள் சேரும் பஞ்சும் தூசியும் விசைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பையில் கிடப்பதே தெரியாத பொருளுக்கு இவ்வளவு ஊழியம் யார் செய்வார்கள்?

லேசாக்கும் ஆசை அமெரிக்காவில் முற்றியது. 1950இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ஐந்து தோட்டா போடும் ஒரு சின்ன எஃகு ரிவால்வரைப் போலீஸ் அதிகாரிகளின் மாநாட்டில் அறிமுகப்படுத்தியது. அந்த அதிகாரிகளே வைத்த பெயர் ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’. இரண்டு ஆண்டுகளில் அலுமினியச் சட்டத்தோடு ‘ஏர்வெயிட்’ வந்தது. தொடக்கத்தில் தோட்டா உட்காரும் சிலிண்டரையும் அலுமினியத்தில் செய்து பார்த்தார்கள். வெடிப்பின் அழுத்தத்தை அது தாங்கவில்லை; சிலிண்டர் எஃகுக்கே திரும்பியது. பைத்துணியில் மாட்டாமல் இருக்க ஹேமரை உள்ளே ஒளித்த வடிவமும் அதே காலத்தது. பிறகு டைட்டானியம் வந்தது, ஸ்காண்டியம் கலந்த உலோகம் வந்தது. இன்று அந்த வரிசையில் 340 கிராமுக்கும் குறைவான ரிவால்வர் உண்டு. அலுமினியச் சட்டத்தில் செய்த அதன் அண்ணன்களைவிட விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஆனால் இயற்பியல் தள்ளுபடி தருவதில்லை. தோட்டா முன்னால் போகும் வேகத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் உதைக்கும். அதே தோட்டாவைப் பாதி எடையுள்ள துப்பாக்கியில் போட்டால் கைக்கு வந்து சேரும் உதைப்பின் ஆற்றல் இரண்டு மடங்காகும். ஆலையில் குறைத்த எடை மணிக்கட்டுக்குப் போய்ச் சேருகிறது. வலிப்பதால் சொந்தக்காரர் பயிற்சி செய்வதில்லை. பயிற்சி இல்லாததால், குட்டையான குழலும் நீளமாகவும் கனமாகவும் இழுக்க வேண்டிய விசையும் கொண்ட இந்தச் சின்னத் துப்பாக்கி, நாலடி தாண்டினால் எதைத் தாக்கும் என்று அவருக்கே தெரியாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. மிக லேசான ரிவால்வர் சுடும்போது குலுங்குகிற குலுக்கலில், சிலிண்டரில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் ஈயமுனை உறையிலிருந்து மெல்ல வெளியே நகரும். நகர்ந்தது முன்பக்கம் முட்டினால் சிலிண்டர் சுற்றாது. இன்ன எடைக்குக் குறைந்த தோட்டா போடாதே என்று சில மாடல்களின் குழலிலேயே எச்சரிக்கை பொறித்திருக்கிறார்கள். ஆபத்தில் கைகொடுக்க வாங்கியது, சொந்த உதைப்பினாலேயே முடங்கும்.

இந்தியாவில் தேர்வு இவ்வளவு விரிந்ததல்ல. 9 மி.மீ., .303 போல, படைக்கும் போலீசுக்கும் உரிய அளவுகள் குடிமக்களுக்குத் தடை. அதனால்தான் இங்கே எல்லோரும் .32 என்கிற எண்ணையே உச்சரிக்கிறார்கள். பழைய வெப்லி வடிவத்தை ஒட்டிக் கான்பூரில் செய்த .32 எஃகு ரிவால்வர் எழுநூறு கிராமை ஒட்டியது. அதைக் கரைத்து நிர்பீக். இஷாப்பூர் ரைபிள் ஃபாக்டரி செய்த .22 அளவு ‘நிடர்’ இன்னும் லேசு, சுமார் 250 கிராம். இரண்டு பெயருக்கும் பொருள் அச்சமற்றது என்பதுதான். எடை பாதியாகும்தோறும் அச்சமும் பாதியாகும் என்று நம்பவைக்கிற பெயர்கள்.

நிர்பீக் பெண்களுக்கானது என்று சொல்லி விற்கப்பட்டது. 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் நடந்த கொடூரம் நாட்டை உலுக்கியிருந்த நேரம். அந்தப் பெண்ணுக்கு ஊடகங்கள் சூட்டிய பெயரின் எதிரொலி இந்தப் பெயரில் கேட்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ரிவால்வர் வந்தது மெரூன் நிற நகைப்பெட்டியில். ஆயுதத்தை நகையாக்கிக் கைப்பையில் போட்டுக்கொடுத்துவிட்டு, பாதுகாப்பு இனி உன் பாடு என்று அரசின் ஆலையே சொன்னதுபோல் இருந்தது. பாலியல் வன்முறை வழக்குகளில் குற்றம் சாட்டப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை ஆண்டுக்காண்டு சொல்கிறது. நகைப்பெட்டித் துப்பாக்கி இருட்டில் எதிர்ப்படும் அந்நியனை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. மாமனையோ, மேலாளரையோ, பழைய காதலனையோ குறிபார்க்கும் மனநிலை அந்தப் பெட்டியில் இல்லை.

கேரளத்துக்கு இதைவிடப் பழைய பதில் ஒன்று இருந்தது. வடக்கன் பாட்டுகளின் உண்ணியார்ச்சை கூத்துப் பார்க்கப் போகும் வழியில் மறித்தவர்களை எதிர்கொண்டது உருமியோடு. இடுப்பில் கச்சைபோலச் சுற்றிக்கொள்ளும், வளையும் வாள் அது. வெளியே தெரியாமல் சுமக்கும் ஆயுதம் என்ற வகையில் நிர்பீக்குக்கு மூத்த அக்கா. ஆனால் உருமியைக் கடையில் வாங்கி நாளைக் காலை இடுப்பில் கட்டிக்கொள்ள முடியாது. சுழற்றத் தெரியாதவரின் காலையே அது முதலில் அறுக்கும். களரியில் எல்லாப் பயிற்சிகளும் முடிந்த பிறகு கடைசியாகக் கையில் கொடுப்பது அதைத்தான். ஆயுதத்தின் எடை கொஞ்சம், அதற்குப் பின்னால் இருந்த ஆண்டுகளின் எடை அதிகம். ரிவால்வர் அந்த ஆண்டுகளைக் கழித்துவிட்டு மீதியை விற்கிறது.

பாரம் தெரியாமல் போனால் அப்படி என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். சுமந்துகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு போய்விடும் என்பதே என் பதில். கனமான ஆயுதம் நடையை மாற்றும், உட்காரும்போது உறுத்தும், வாய்த்தகராறு முற்றும்போது இடுப்பில் கனத்து, விலகிப் போ என்று சொல்லும். லேசானது ஒன்றும் சொல்லாது. கல்யாண வீட்டுக்குக் கூட வரும், பங்காளிப் பேச்சுவார்த்தைக்குக் கூட வரும், கோபத்தில் கை பைக்குள் போகும்போதுதான் தன் இருப்பைத் தெரிவிக்கும். அப்போது எதிரே இருப்பவர் பெரும்பாலும் பேசும் தூரத்தில்தான் இருப்பார்.

பேசும் தூரம்தான் சின்னத் துப்பாக்கியின் சொந்த நிலம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டது ரயில்பெட்டிக்குள். சுட்ட வாஞ்சி, திருவிதாங்கூரின் புனலூரில் வனத்துறை வேலை பார்த்தவர். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. 1948 ஜனவரி 30 அன்று பிர்லா மாளிகையில் காந்தியின் உடலில் மூன்று தோட்டாக்களைச் செலுத்தியது, முக்கால் கிலோகூட இல்லாத இத்தாலியப் பெரெட்டா. வணங்குவதற்கும் சுடுவதற்கும் அங்கே தூரம் ஒன்றுதான். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்து வீட்டில், தயாரிப்பாளர் வாசுவோடு வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த எம். ஆர். ராதா, எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் சேர்ந்து நடித்த ‘பெற்றால்தான் பிள்ளையா’ வெளியாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. இருவரும் பிழைத்தார்கள். ஒரு குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. கழுத்துக்கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் படம் அந்த ஆண்டுத் தேர்தலின் சுவரொட்டியாயிற்று. மூன்று நிகழ்ச்சிகளின் நியாயங்களும் வெவ்வேறு. ஒரே தட்டில் வைக்கிறவனல்ல நான். ஆனால் மூன்றிலும் கருவி வேலை செய்த இடம் ஒன்றே: ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கிற இடம்.

எரணாகுளம் மாவட்டத்துக்கு இந்தப் பாடம் 2021 ஜூலை 30 அன்று வந்தது. கோதமங்கலத்தில் பல்மருத்துவம் படித்து முடிக்கும் தறுவாயில் இருந்த இளம்பெண்ணை, முன்பு பழகிய ஒருவன் அவள் தங்கியிருந்த வீட்டுக்கே போய்ச் சுட்டுக் கொன்றான். தானும் சுட்டுக்கொண்டு இறந்தான். துப்பாக்கி பீகாரிலிருந்து வாங்கிவரப்பட்டது என்று போலீஸ் கண்டறிந்தது. உரிமம் இல்லை, வரம்பு இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைப் பைக்குள்ளேயே, ஒருவர் கண்ணிலும் படாமல், அந்த உலோகம் கடந்தது. கைக்கு அடக்கமாக, பாரம் தெரியாமல் இருப்பதன் முழுப் பயனையும் அனுபவித்தவன் அவன்தான்.

மட்டாஞ்சேரி பேசும் தூரத்தை வைத்தே பிழைத்த ஊர். ஒருவர் பாஷை மற்றவருக்குப் பாதிதான் புரியும் குஜராத்திகளும் கொங்கணிகளும் யூதர்களும் கச்சி மேமன்களும் தமிழர்களும் ஒரே தெருவில் கடை போட்டு, முகத்துக்கு முகம் பார்த்து விலை பேசினார்கள். 1957இல் தொடங்கிய மிளகு வணிகச் சங்கத்தின் கூடத்தில் இன்னும் பறிக்காத மிளகைக் கூவிக்கூவி விற்றார்கள். ஒரு கூச்சலுக்குப் பின்னால் லட்சங்கள் இருந்தன. அந்நியனைக் கைநீளத்துக்குள் வரவிடுவது இங்கே வீரமாக எண்ணப்படவில்லை, தொழிலாக இருந்தது.

அதற்காக மட்டாஞ்சேரிக்கு வெடிமருந்தின் வாசனையே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. மிளகுக்காக வந்த போர்த்துகீசியர் 1503இல் பக்கத்திலேயே கோட்டை எழுப்பினார்கள். 1663இல் டச்சுக்காரர்கள் அவர்களை வெளியேற்றினார்கள். 1808 டிசம்பரில் கொச்சி மந்திரி பாலியத்து அச்சனின் ஆட்கள் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் மெக்காலேயைத் தேடி வந்தார்கள், அவர் தப்பினார். அதன் பிறகு ஆயுதங்கள் மெல்ல மெல்ல ஒரே தரப்பிடம் போய்ச் சேர்ந்தன.

சுதந்திரம் வந்த பிறகும் அவை ஒரே தரப்பிடம்தான் இருந்தன என்பதற்கு 1953 செப்டம்பர் 15 சாட்சி. துறைமுகத்தில் அப்போது சாப்பா முறை. கூட்டத்தின் நடுவே எறியப்படும் உலோக வில்லையைப் பாய்ந்து பிடிக்கிறவனுக்கு அன்றைக்கு வேலை, மற்றவனுக்குப் பட்டினி. அதை எதிர்த்துத் திரண்ட தொழிலாளிகள்மீது மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைதுவும் சைதலவியும் இறந்தார்கள். போலீஸ் சித்திரவதைக்குப் பிறகு ஆண்டனி இறந்தார். ராஜீவ் ரவியின் ‘துறைமுகம்’ படம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. மடியில் ஒரு வில்லைக்கு ஏங்கியவர்கள்மேல் அரசு தோட்டாவை எறிந்தது. ஆகவே ஆயுதத்தை அரசிடம் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியனிடம் உரிமம் கேட்டது, ஐரோப்பியனுக்கு விலக்குத் தந்தது. ஒரு முழு நாட்டை நிராயுதபாணியாக்கிய அந்தச் சட்டத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியின் மிகக் கறுத்த செயலாக வரலாறு பார்க்கும் என்ற பொருளில் 1918இல் காந்தியே எழுதினார். 1931 கராச்சி காங்கிரஸ் அடிப்படை உரிமைகளின் பட்டியலில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அந்த உரிமையை அரசியலமைப்பில் எழுதக் கேட்டார். சபை ஏற்கவில்லை, அம்பேத்கரும் எதிர்த்தார். காந்தி சுடப்பட்டுப் பத்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. உரிமை கேட்டவர்களின் கோபத்திலும் நியாயம் இருந்தது, மறுத்தவர்களின் தயக்கத்திலும் நியாயம் இருந்தது. 1959 சட்டம் இந்த இரண்டுக்கும் நடுவே பிறந்தது. சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. துப்பாக்கி ஜமீன்தாரின் சுவர் அலங்காரமாக மட்டும் இருந்துவிடக் கூடாது என்று நினைத்த யாரோ எழுதிய வரி.

திருநெல்வேலிக்காரர் விண்ணப்பித்தால் என்ன நடக்கும்? காக்கநாட்டு ஆட்சியர் அலுவலகம் காரணம் கேட்கும். போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரிக்கும். 2016 விதிகள் பயிற்சிச் சான்றும், பத்திரமாக வைக்க இடமும் கேட்கும். எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதப்படும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது மறுபடியும் காரணம், மறுபடியும் விசாரணை. இந்த அலைச்சலை எல்லோரும் திட்டுகிறார்கள். லஞ்சமும் தாமதமும் சிபாரிசும் கலந்தால் திட்டத்தான் வேண்டும். ஆனால் அலைச்சலின் உள்ளே ஒரு நியாயம் இருக்கிறது. டைட்டானியம் கழித்த எடையைக் காகிதம் திருப்பிச் சேர்க்கிறது. உன்னிடம் ஆயுதம் இருக்கிறது என்று ஒவ்வொரு கையெழுத்தும் சொந்தக்காரருக்கு நினைவூட்டுகிறது. இடுப்பு மறந்ததை அரசாங்கக் கோப்பு மறக்க விடுவதில்லை.

ஆகவே அவரிடம் நான் சொன்னது இதுதான்: வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் இருப்பதிலேயே கனமானதை வாங்குங்கள். எஃகின் கனம் உதைப்பைப் பாதியாவது தாங்கிக்கொள்ளும், பயிற்சிக்குப் போக மனம் வரும். பையில் தூக்கிக்கொண்டு அலைய முடியாததால் பெரும்பாலான நாட்கள் அலமாரிப் பூட்டுக்குள் இருக்கும். அந்த நாட்களில் பணத்தை வங்கியில் போடுவதா, துணைக்கு ஆள் கூட்டிப் போவதா, வெளிச்சமுள்ள தெரு வழியாகச் சுற்றிப் போவதா என்று யோசிப்பீர்கள். இந்த மூன்றும் பஜார் ரோட்டில் இன்றைக்கும் கிடைக்கும். அவர் சிரித்தார், சம்மதிக்கவில்லை. பயம் வந்தவரிடம் தராசைக் காட்டிப் பேசுவதில் ஒரு எல்லை உண்டு என்பது எனக்கும் தெரியும்.

இருந்தாலும் குடியரசு என் பக்கம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு தேர்தலின்போதும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளை, விலக்குப் பெற்றவை போக, போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அது வழக்கமாகிவிட்டது. சண்டை மிக மும்முரமாக நடக்கும் வாரங்களில்தான் இந்த நாடு தன் ஆட்களை ஆயுதத்தை வைத்துவிட்டுப் பேச வரச் சொல்கிறது. மிக ஆபத்தான நேரத்தில் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டால் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. வாக்குவாதமும் துப்பாக்கியும் ஒரே பையில் இருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் புரிந்திருக்கிறது. தேர்தல் இல்லாத மாதங்களிலும் நாம் வாக்குவாதம் செய்கிறவர்கள்தானே.